காதர்பேட்டை பனியன் பஜாரும் எங்கள் தெரு டெய்லரும்: கையைக் கடிக்காமல் உடுத்த ஒரு விமர்சனம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், திருப்பூர் காதர்பேட்டைக்குத் தாராளமாகப் போகலாம், ஆனால் அங்கே எடுத்ததை அப்படியே மாட்டிக்கொண்டு மறுநாள் ஆபீஸ் போய்விடலாம் என்ற நினைப்பில் போகாதீர்கள். கையில் ஆயிரம் ரூபாய் இருந்தால் அறுநூறை அங்கே செலவழித்துவிட்டு, மீதி நானூறை ஊர் திரும்பியதும் டெய்லரிடம் கொடுக்கிற ஆளுக்குத்தான் இந்த பஜார் முழுசாகப் பலன் தரும். நான் கோவையில் சின்னச் சம்பளத்தில் இருப்பவள், துணிக்கு மாதம் ஆயிரம் ஒதுக்கினாலே வீட்டில் கேள்வி வரும். அப்படியும் ஆபீசில் நாலு பேர் "எங்க எடுத்தீங்க" என்று கேட்கிறார்கள் என்றால் பாதிப் பெருமை காதர்பேட்டைக்கு, பாதி எங்கள் தெருவில் மெஷின் போட்டிருக்கும் அக்காவுக்கு. இரண்டையும் பற்றி எழுதுகிறேன், நடுவில் ஈரோட்டு லுங்கியும் அம்மாவின் பழைய புடவையும் வரும்.

தெரியாதவர்களுக்கு: காதர்பேட்டை திருப்பூர் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகிற தூரம்தான். கோவையிலிருந்து ரயில் ஏறினால் ஒரு மணி நேரம் போதும். தெருத் தெருவாகக் கடைகள், கடைக்கு வெளியே மூட்டை மூட்டையாக டி-ஷர்ட், ட்ராக் பேண்ட், லெகிங்ஸ், குழந்தைகள் துணி. கேரளா, கர்நாடகா, மகாராஷ்டிரா பக்கமிருந்து வந்து மொத்தமாக அள்ளிப்போகிற வியாபாரிகள் ஒரு பக்கம், ரெண்டு பீஸுக்காக அரை மணி நேரம் நிற்கும் நம்மைப் போன்றவர்கள் ஒரு பக்கம். சில கடைகளில் சில்லறைக்குத் தரவே மாட்டார்கள், வாசலிலேயே "ஹோல்சேல் மட்டுந்தானுங்க" என்று சொல்லிவிடுவார்கள், கோபப்படாமல் அடுத்த கடைக்கு நகர்ந்துவிட வேண்டியதுதான்.

இங்கே ஏன் விலை குறைவு என்பது புரிந்தால்தான் எதை எடுக்கலாம் என்பதும் புரியும். வெளிநாட்டு ஆர்டர் வந்ததும் பனியன் கம்பெனிக்காரர்கள் கேட்ட எண்ணிக்கையைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே வெட்டித் தைப்பார்கள், நடுவில் அழுக்குப் படும், ஊசி கிழிக்கும், பிரிண்ட் தப்பும். வாங்குபவர் தனக்கு வேண்டிய எண்ணிக்கையை எடுத்துக்கொண்டதும் மிஞ்சுவதுதான் சர்ப்ளஸ். அதில் குறையே இருக்காது. செக்கிங்கில் ஒதுக்கியவை செகண்ட்ஸ், அவற்றில் கண்டிப்பாக ஏதோ குறை இருக்கும், அது எங்கே என்பதுதான் கேள்வி. மூன்றாவதாக ஒரு வகை உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். கப்பலேறும் முன் வாங்குபவர் தரப்பு ஆள் வந்து எல்லாப் பெட்டியையும் பிரித்துப் பார்க்க மாட்டார், மாதிரிக்குச் சில பீஸ்களை எடுத்துப் பார்த்து அதில் குறைகள் கணக்குக்கு மேல் போனால் மொத்த லாட்டையும் நிறுத்திவிடுவார். அதைத் திரும்பப் பிரித்துச் சரிபார்த்து அனுப்ப நேரமில்லை என்றாலோ, ஆர்டரே கேன்சல் ஆகிவிட்டாலோ அது ஸ்டாக் லாட்டாக வெளியே வந்துவிடும். அப்படி வந்த குவியலில் பெரும்பாலானவை நல்ல பீஸ்களாகவே இருக்கும், கெட்டதைத் தள்ளிவிட்டு நல்லதை எடுக்கிற பொறுமை மட்டும் நமக்கு வேண்டும்.

"எல்லாம் எக்ஸ்போர்ட் பீஸ்க்கா, லண்டன் போறதுங்க" என்பார்கள். முழுசாக நம்பாதீர்கள். உள்ளூரிலேயே விற்பதற்கென்று தைத்து, பெரிய பிராண்ட் பேரை லேபிளில் போட்டுக் குவித்திருப்பதும் நிறைய உண்டு. நான் பார்க்கிற அடையாளம் இதுதான்: ஒரே டிசைன் எஸ்ஸிலிருந்து டபுள் எக்ஸ்எல் வரை எல்லா சைஸிலும், ஏழெட்டு கலரிலும், அடுக்கு குலையாமல் இருந்தால் அது மிச்சம் விழுந்த சரக்கு கிடையாது. மிச்சம் என்றால் உதிரியாகத்தான் இருக்கும், எல் இருந்தால் எம் இருக்காது, நேவி ப்ளூவில் ஒரு சைஸ், மஸ்டர்டில் வேறு சைஸ் என்று. லேபிளைப் பாதி வெட்டியோ, மார்க்கரால் கோடு போட்டோ வைத்திருந்தால் எனக்குச் சந்தோஷம், பிராண்ட்காரர்கள் தங்கள் பேரில் வெளியே விற்கக்கூடாது என்று சொன்னதால் அப்படிச் செய்திருப்பார்கள். பளபளவென்று முழு லேபிள், தொங்குகிற அட்டை, பார்கோடு எல்லாம் இருந்து விலை நூற்றைம்பது என்றால்தான் சந்தேகமே. உள்ளூர்ச் சரக்கு மட்டம் என்று சொல்லவில்லை, துணி நன்றாக இருந்தால் அதையும் எடுப்பேன், பேருக்கென்று ஐம்பது ரூபாய் கூடக் கொடுக்க மாட்டேன், அவ்வளவுதான்.

சரி, கையில் ஒரு டி-ஷர்ட் வந்துவிட்டது, எதைப் பார்ப்பது. முதலில் கழுத்து. கழுத்து ரிப்பை, அதாவது கழுத்தைச் சுற்றித் தைத்திருக்கும் இழுபடுகிற பட்டையை, இரண்டு கையாலும் இழுத்து விடுங்கள், உடனே பழைய இடத்துக்கு வர வேண்டும், வாய் பிளந்தபடி நின்றால் கீழே வைத்துவிடலாம். அப்புறம் தோள் தையல், கழுத்துத் தையல், கைக்குழி, மூன்றையும் குறுக்காக இழுத்துப் பார்க்க வேண்டும். தையலை ஒட்டிக் குண்டூசி முனையளவில் ஓட்டைகள் தெரிந்தால் அது ஊசி வெட்டியது. இன்றைக்குச் சின்னதாகத்தான் இருக்கும், நாலு சலவையில் கண்ணி கண்ணியாக விட்டு விரல் போகும் அளவு ஆகிவிடும். இந்தக் குறையை எந்த டெய்லராலும் சரிசெய்ய முடியாது. எண்ணெய்க் கறை, நூல் தொங்கல், பட்டன் விட்டது, பிரிண்ட் அரை இஞ்ச் தள்ளி விழுந்தது, இவையெல்லாம் எனக்குக் குறையே இல்லை, இவற்றைக் காட்டித்தான் இருபது ரூபாய் குறைக்கச் சொல்வேன்.

அடுத்தது முறுக்கு. பனியன் துணியைக் கண்ணருகே பிடித்தால் மேலிருந்து கீழாகச் சன்னமான வரிகள் தெரியும், அவை பக்கத் தையலுக்கு இணையாக இறங்க வேண்டும். சாய்ந்து ஓடினால் இரண்டு சலவைக்குப் பிறகு பக்கத் தையல் மெல்ல மெல்ல வயிற்றுப் பக்கம் நகர்ந்து வந்துவிடும், எத்தனை இஸ்திரி போட்டாலும் திரும்பாது. நூலில் இருக்கும் முறுக்கும், துணியைச் சரியாகக் காம்பாக்டிங் (பின்னால் சுருங்காதபடி அழுத்திச் சீராக்குவது) செய்யாததும் சேர்ந்து செய்கிற வேலை அது. நூறு ரூபாய் டி-ஷர்ட்டை நூறு ரூபாய் டி-ஷர்ட்டாகவே காட்டிக்கொடுப்பது நிறமும் இல்லை, பிரிண்டும் இல்லை, இந்தக் கோணல் தையல்தான்.

மூன்றாவது, நிறம். டி-ஷர்ட்டின் கைத் துணியையும் உடம்புத் துணியையும் சேர்த்து வைத்துத் தெருவுக்கு எடுத்து வந்து பாருங்கள். வேறு வேறு சாய லாட்டில் வெட்டியிருந்தால் கடை டியூப்லைட்டில் ஒன்றாகத் தெரிவது வெயிலில் இரண்டு விதக் கறுப்பாகத் தெரியும். துணியின் கனம் பற்றி ஜிஎஸ்எம் என்று ஒரு கணக்கு சொல்வார்கள், ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பது. டி-ஷர்ட்டுக்கு 160, 180 இருந்தால் உடம்போடு ஒட்டாமல் விழும், உள்ளே போட்டது வெளியே தெரியாது. கடைக்காரர் எல்லாவற்றையும் 180 என்றுதான் சொல்வார், உள்ளே கையை விட்டு விரல் நிறம் தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முழுக் காட்டனா என்று நூலைக் கொளுத்திப் பார்க்கும் வழக்கம் நிறையப் பேருக்கு இருக்கிறது, காட்டன் காகிதம் போல எரிந்து சாம்பலாகும், பாலியஸ்டர் உருகிக் கெட்டியாகும். ஆனால் தையல் நூலை உருவிக் கொளுத்தாதீர்கள். தைக்கிற நூல் பெரும்பாலும் பாலியஸ்டர்தான், நல்ல காட்டன் சட்டையைப் போய்ப் பாலியஸ்டர் என்று முடிவு கட்டிவிடுவீர்கள். துணியின் வெட்டு விளிம்பிலிருந்துதான் இழை எடுக்க வேண்டும், அதையும் வீட்டுக்கு வந்து செய்யுங்கள், பனியன் மூட்டைகளுக்கு நடுவில் நின்று தீக்குச்சி உரச வேண்டாம். 2023 ஜூனில் இந்த பஜாரில் தீப்பிடித்து வரிசையாகக் கடைகள் எரிந்து போயின, அந்தப் பயம் அங்கே இன்னும் இருக்கிறது.

விலை விஷயத்தில் எனக்குப் பெரிய புகார் இல்லை. சாதா டி-ஷர்ட் நூறிலிருந்து இருநூறுக்குள், கனமான லூப் நிட் (உள்பக்கம் சின்னச் சின்ன நூல் வளையம் தெரிகிற துணி) ஸ்வெட்ஷர்ட் இருநூற்றைம்பதிலிருந்து நானூறுக்குள் எடுத்திருக்கிறேன். பேரம் பேசலாம், ஆனால் சென்னை ரங்கநாதன் தெருவில் பேசுவது போலப் பாதி விலையில் ஆரம்பித்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். மூன்று நாலு பீஸாக எடுத்துக்கொண்டு "சேத்து எவ்வளவுங்ண்ணா" என்று கேட்டால் தானாகவே குறைப்பார்கள். போட்டுப் பார்க்க இடம் கிடையாது, எடுத்ததைத் திருப்பி வாங்க மாட்டார்கள். பில்லும் பல கடைகளில் கிடையாது. ஒரு கடையில் மேலே இருந்த பீஸைக் காட்டிவிட்டுக் கவரில் அடியில் இருந்ததைப் போட்டுக் கொடுத்தார்கள், வீட்டுக்கு வந்து பிரித்தால் முதுகில் உள்ளங்கையளவு கறை. பெயர் சொல்லிப் பயனில்லை, அங்கே கடைகளும் அடிக்கடி மாறும். நீங்கள் பார்த்த பீஸை நீங்களே கவரில் போடுங்கள், அது போதும்.

பெண்களுக்கான துணியில் இந்த பஜார் சுமார்தான், இதைச் சொல்லியாக வேண்டும். லெகிங்ஸ், நைட் பேண்ட் எல்லாம் மலிவு, ஆனால் வெளியே போட்டுப்போகிற மாதிரி வெட்டு, அளவு என்று தேடினால் கை சலிக்கும். நான் அதனால் ஆம்பளைத் துணிக் குவியலிலேயே நின்றுவிடுவேன். துணியும் கனமாக இருக்கும், நிறமும் அடங்கியிருக்கும், மார்பில் மினுமினுப்புப் பொட்டு ஒட்டி வைத்திருக்க மாட்டார்கள்.

இங்கேதான் அக்கா வருகிறார். எங்கள் தெருமுனையில் சின்ன அறை. முன்பு பனியன் கம்பெனியில் ஓவர்லாக், அதாவது துணி ஓரத்தை வெட்டிச் சுற்றித் தைக்கிற மெஷின், அதில் டெய்லராக இருந்தவர், கல்யாணமாகி இங்கே வந்த பிறகு ஒரு பழைய ஓவர்லாக் மெஷினை வாங்கிப் போட்டிருக்கிறார். இது முக்கியம், ஏனென்றால் பனியன் துணியைச் சாதாரண மெஷினில் நேர்த்தையல் போட்டால் தலை வழியாக மாட்டும்போதே நூல் பட்டென்று விட்டுவிடும், துணியோடு சேர்ந்து தையலும் இழுபட வேண்டும். உங்கள் டெய்லரிடம் ஓவர்லாக் இருக்கிறதா என்று கேட்டுவிட்டே கொடுங்கள். அக்காவிடம் முதலில் கற்றுக்கொண்டது, எதைப் பிரிக்கலாம் எதைப் பிரிக்கக் கூடாது என்பதுதான். பக்கம் பிடிக்கலாம், கை நீளம் குறைக்கலாம், அடியை வெட்டி மடிக்கலாம். தோளும் கழுத்தும் மட்டும் கடையில் எப்படி இருந்ததோ அப்படித்தான். "தோளு நின்னுச்சுன்னா மிச்சத்த நான் பாத்துக்கறேன் கண்ணு, தோளே தொங்குச்சுன்னா எங்கிட்டக் கொண்டாராத" என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு கடையில் நான் சைஸ் எண்ணைப் பார்ப்பதில்லை, இஞ்ச் டேப்பை வைத்து ஒரு தோள் முனையிலிருந்து மறு முனை வரை அளக்கிறேன்.

போன முறை எடுத்த சாம்பல் நிற ஸ்வெட்ஷர்ட் ஆம்பளை எம் சைஸ், தோள் கச்சிதம், உடம்பு பெட்டி மாதிரி. அக்கா அடி ரிப்பைப் பிரித்து, மூன்று இஞ்ச் வெட்டி, பக்கம் இரண்டும் பிடித்து, அதே ரிப்பை அளவுக்கு வெட்டித் திரும்ப வைத்துத் தைத்துக் கொடுத்தார், எண்பது ரூபாய். துணியோடு சேர்த்து முந்நூற்றம்பதுக்குள் முடிந்தது. மால் கடைகளில் ஆயிரத்தைந்நூறுக்குக் குறைந்து இப்படி ஒன்று கிடைக்காது என்பது ஒருபுறம், என் இடுப்புக்குத் தகுந்த உயரத்தில் எந்த விலைக்கும் கிடைக்காது. அக்காவிடம் குறை என்றால் தேதிதான். வெள்ளிக்கிழமை என்றால் அடுத்த செவ்வாய் என்று நாமே கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும், கல்யாண சீசனில் பிளவுஸ் குவிந்துவிட்டால் நம் ஸ்வெட்ஷர்ட் அடியில் போய்விடும்.

தைத்துப் போடுவது என்று வந்தால் ஈரோடு. அங்கே கனி மார்க்கெட் ஜவுளிச் சந்தை திங்கள் இரவு தொடங்கிச் செவ்வாய் வரை நடக்கும், லுங்கி, துண்டு, வேட்டி, சேலை, கட் பீஸ் எல்லாம் மொத்த விலையை ஒட்டிக் கிடைக்கும். நான் எடுப்பது கட்டம் போட்ட காட்டன் லுங்கி. இரண்டு மீட்டர் துணி, அரைக்கைச் சட்டைக்குத் தாராளம். இதைச் சொன்னால் சிரிப்பவர்களுக்கு ஒரு செய்தி: இந்த வகைக் கட்டம் போட்ட துணிதான் மெட்ராஸ் என்ற பேரிலேயே அமெரிக்காவில் சட்டையாகவும் கோட்டாகவும் போனது. 1950களின் கடைசியில் அங்கே விற்ற மெட்ராஸ் துணி துவைக்கத் துவைக்கச் சாயம் விட, புகார் வந்த பிறகு, சாயம் போவதுதான் இதன் தனிச்சிறப்பு என்று அதையே விளம்பரமாக்கி விற்றார்கள். இன்றைக்கு லுங்கியில் அவ்வளவு சாயம் போகாது, இருந்தாலும் வெட்டுவதற்கு முன் ஒரு இரவு தண்ணீரில் நனைத்து நிழலில் உலர்த்திவிடுங்கள். சுருங்க வேண்டியது அப்போதே சுருங்கிவிடும்.

கட்டத் துணியில் சட்டை தைப்பதில் ஒரே இடத்தில்தான் வித்தை இருக்கிறது. முன்பக்கம் இரண்டு பாகமும் பட்டன் போட்டதும் கட்டம் நேராகச் சேர வேண்டும், கோடு படிக்கட்டு மாதிரி ஏறி இறங்கினால் சட்டை அங்கேயே செத்தது. அதற்குக் கொஞ்சம் துணி வீணாகும், "மேட்ச் பண்ணி வெட்டுங்க" என்று முதலிலேயே சொன்னால்தான் செய்வார்கள். பாக்கெட்டுக்கு அந்தத் தலைவலியே வேண்டாம், கிராஸில் வெட்டச் சொல்லுங்கள், கட்டம் சாய்சதுரமாகத் திரும்பி நிற்கும், வேண்டுமென்றே செய்த அழகாகத் தெரியும். பட்டனில் கஞ்சத்தனம் வேண்டாம். டெய்லர் வைக்கிற வெள்ளை பிளாஸ்டிக்குக்குப் பதிலாக முப்பது ரூபாய் கொடுத்து மர பட்டனோ தேங்காய் ஓட்டு பட்டனோ வாங்கிக் கொடுத்துவிடுவேன். லுங்கி, தையல், பட்டன் எல்லாம் சேர்ந்து அறுநூறைத் தாண்டியதில்லை, ஆபீசில் அதிகம் கேள்வி வாங்கித்தந்த சட்டை அதுதான்.

பழைய துணி பற்றி. நம் வீடுகளில் அக்கா போட்டது தங்கைக்கு என்பதில் யாருக்கும் பிரச்சினை இல்லை, முகம் தெரியாதவர் போட்டது என்றதும் பாட்டி "யாரு உடுத்துனதோ, என்னமோ" என்று ஆரம்பித்துவிடுவார். அதனால் திரிஃப்ட் கடை என்ற பேரில் இன்ஸ்டாகிராமில் நடப்பவற்றில் நான் அதிகம் வாங்கியதில்லை. வாங்கிய மட்டில், அளவை இஞ்ச்சில் போடாமல் "ஃப்ரீ சைஸ்" என்று மட்டும் போடும் பக்கங்களைத் தாண்டிப் போய்விடுங்கள், அக்குள் பக்கம் ஒரு போட்டோ கேளுங்கள், அனுப்பத் தயங்கினால் விஷயம் புரிந்துவிடும். கூரியர் செலவைச் சேர்த்தால் பல நேரம் காதர்பேட்டைப் புதுத்துணியே மலிவு.

எனக்குப் பழைய துணிக் கடை என்றால் அம்மாவின் பீரோதான். "பழைய பட்டுப்புடவை, சரிகை வாங்குறது" என்று தெருவில் கூவிக்கொண்டு வருபவருக்குப் போட இருந்ததையெல்லாம் இப்போது முதலில் நான் பார்க்கிறேன். புடவை ஐந்தரை மீட்டர், மதுரைச் சுங்குடி மாதிரி காட்டன் என்றால் ஒரு குர்தாவும் ஒரு பாவாடையும் வரும், பல வருஷம் துவைத்துத் துவைத்து வந்த அந்த மென்மை கடையில் புதுத் துணியில் கிடைக்காது. கால் பக்கத்து பார்டர் தேய்ந்திருக்கும், அதை வெட்டிவிடுங்கள். பட்டு வேறு மாதிரி. மடித்து மடித்தே வருஷக்கணக்கில் வைத்திருந்தால் மடிப்புக் கோட்டில் இழை விட்டிருக்கும், ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் கோடு கோடாக வெளிச்சம் தெரியும். அப்படி இருந்தால் உடம்புக்குத் தைக்க வேண்டாம், உட்கார்ந்ததும் கிழியும். முந்தானையும் பார்டரும் பெரும்பாலும் கெட்டியாக இருக்கும், அவற்றை மட்டும் எடுத்து சாதா காட்டன் குர்தாவின் கழுத்துப் பட்டைக்கும் கை ஓரத்துக்கும் வைக்கலாம். உள்ளே லைனிங் கொடுக்கச் சொல்ல மறக்காதீர்கள், சரிகை கழுத்தில் உரசினால் மதியத்துக்குள் சொறிய வைத்துவிடும்.

மலிவு என்று பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் விட எனக்கு மனசு வரவில்லை. திருப்பூரில் இறங்கினால் நொய்யல் ஆற்றையும் ஒருமுறை பார்க்கலாம். சாயக் கழிவு போய்ச் சேர்ந்து அதன் குறுக்கே கட்டிய ஒரத்துப்பாளையம் அணைத் தண்ணீர் பாசனத்துக்கே ஆகாமல் போனது, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்கு விஷயம் முற்றியது. கழிவு நீரைத் துளியும் வெளியே விடக்கூடாது என்ற கட்டுப்பாடு இன்று இருக்கிறது. நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறதே என்று பத்து டி-ஷர்ட்டை அள்ளி அதில் ஆறு பீஸை மூலையில் போட்டு வைக்க எனக்குக் கை வராததற்கு இதுவும் காரணம். உண்மையைச் சொன்னால் பீரோவில் இடமில்லாததும் காரணம்.

வருஷத்துக்கு ஒன்று கொஞ்சம் பெரிய விலைக்கு எடுப்பேன், அதுவும் கோ-ஆப்டெக்ஸ் தீபாவளித் தள்ளுபடி 30 சதவீதம் போடும்போது, கைத்தறி காட்டன் புடவை. மற்றபடி காதர்பேட்டைக்குத் தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரத்தில் மட்டும் போய்விடாதீர்கள். பனியன் கம்பெனிகளில் போனஸ் போட்டதும் ஊரே கடைத்தெருவில் இருக்கும், நின்று கழுத்து ரிப்பை இழுத்துப் பார்க்க விட மாட்டார்கள். பொங்கல் கூட்டம் ஓய்ந்த பிறகு, வார நாளில், காலையிலேயே போங்கள். இஞ்ச் டேப்பும் பெரிய பையும் எடுத்துக்கொள்ளுங்கள், சில்லறையும் வைத்துக்கொள்ளுங்கள், பாத்ரூம் வேலையை ரயில் நிலையத்திலேயே முடித்துவிட்டுக் கிளம்புங்கள், பஜாருக்குள் அதற்கு இடம் தேடி நான் பட்ட பாட்டைத் தனியாகவே எழுதலாம்.